விறகுக் கணப்பு வாங்குவதற்கு முன்: தென்னாப்பிரிக்கக் குளிருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம்தான் இங்கே ஹைவெல்டு மேட்டுநிலத்தில் கடுங்குளிர்க் காலம். லெனேசியாவிலும் லாடியத்திலும் விடியும்போது புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றால் மின்கணப்பு வெறும் பெட்டிதான். அதனால் இரும்புப் பெட்டியும் கண்ணாடிக் கதவும் கொண்ட விறகுக் கணப்பு ஒன்று வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

என் வீட்டில் ஒன்றைப் பொருத்தினேன். பிறகு உறவினர் வீடு, கோயில் நண்பர்கள் வீடு என்று ஏழெட்டு இடங்களில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். சறுக்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள்: எடுத்த எடுப்பிலேயே கடைக்குப் போனார்கள். கணப்பு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அறை, புகைக்குழாய் போகும் வழி, விறகு ஆகிய மூன்றையும் முடிவு செய்யாமல் எந்தக் கணப்பு நல்லது என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், ஏணி, கைவிளக்கு, விறகின் ஈரம் காட்டும் சிறு கருவி. இந்தக் கருவி பெரிய இரும்புக்கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. இதை இப்போதே வாங்கிவிடுங்கள். விறகு வாங்கும் நாளில் போட்ட பணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

கைவிளக்கை எடுத்துக்கொண்டு உள்கூரைக்கு மேலே ஏறிப் பாருங்கள். கூரைச் சட்டங்கள் எங்கெங்கே ஓடுகின்றன, மின்கம்பிகள் எங்கே கிடக்கின்றன, தண்ணீர்ச் சூடேற்றித் தொட்டி எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து வையுங்கள். வீட்டின் கூரையை நான்கு பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் படம் எடுங்கள். பொருத்துபவர் வரும்போது பேச்சு இந்தப் படங்களிலிருந்துதான் தொடங்கும்.

2. முதலில் வெப்பம் வெளியேறும் வழிகளை அடைத்துவிடுங்கள்

இங்குள்ள பழைய வீடுகள் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. துத்தநாகத் தகட்டுக் கூரை, அதன் கீழே மெல்லிய உள்கூரைப் பலகை, நடுவில் ஒன்றுமே இல்லை. வெப்பக் காப்பு கட்டாயம் என்று கட்டட விதிகளில் சேர்ந்ததே 2011இல்தான். அதற்கு முன் கட்டிய வீட்டில், கணப்பு தரும் வெப்பத்தின் பெரும்பகுதி நேரே மேலே போய்விடும்.

உள்கூரைக்கு மேலே 135 மி.மீ. கனமுள்ள கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களை விரிக்கலாம். கதவின் அடி இடுக்குகளுக்குத் துடைப்பப் பட்டை போடலாம். இதைக் கணப்புக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காப்பு போட்ட பிறகு தேவைப்படும் கணப்பின் அளவே குறைந்துவிடுகிறது. பெரிய கணப்பை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு காப்பு போட்டால், அடுத்த பகுதியில் சொல்லும் சிக்கலில் போய் விழுவீர்கள்.

சுருள்களை விரிக்கும்போது, புகைக்குழாய் வரப்போகும் இடத்தைச் சுற்றி இடம் விட்டுவையுங்கள். சூடான குழாயோடு காப்புப் பொருள் ஒட்டிக் கிடக்கக் கூடாது.

3. எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வரும் கன மீட்டரை, காப்பு நன்றாக உள்ள அறை என்றால் 14ஆலும், காப்பில்லாத அறை என்றால் 10ஆலும் வகுங்கள். கிடைப்பது தேவையான கிலோவாட். இது தோராயக் கணக்கு. ஆனால் கடையில் நின்று ஊகிப்பதைவிடப் பல மடங்கு நம்பகமானது.

6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் உள்ள கூடம் 78 கன மீட்டர். காப்பு இருந்தால் ஏறக்குறைய 5.6 கிலோவாட், இல்லாவிட்டால் 7.8 கிலோவாட். கூடம் சாப்பாட்டறையோடு கதவில்லாமல் சேர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். மாடிப்படி கூடத்திலேயே ஏறினால் வெப்பமும் அதன் வழியே ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடுவோம்’ என்ற எண்ணம்தான் நான் கண்ட தவறுகளிலேயே பெரியது. லெனேசியாவில் ஓர் அக்கா வீட்டில் 50 கன மீட்டர் கூடத்துக்கு 14 கிலோவாட் கணப்பை வாங்கிப் பொருத்திவிட்டார்கள். அந்த அறைக்கு 5 கிலோவாட் தாராளம். ஒரு மாதம் கழித்து என்னை அழைத்தார். “தம்பி, கண்ணாடியைத் தினமும் தேய்க்கிறேன். மறுநாளே கறுத்துப்போகிறது. பொருளில் குறையா, பாருங்கள்” என்றார்.

பொருளில் குறையே இல்லை. பெரிய தீ அரை மணியில் அறையைச் சூளையாக்கிவிடுகிறது. உடனே காற்றுத் திறப்பை மூடுகிறார்கள். காற்று கிடைக்காத விறகு எரியாமல் புகைகிறது. அந்தப் புகையில் உள்ள எரியாத எண்ணெய்ப் பொருள், சூடில்லாத குழாயின் உட்புறம் தாராகப் படிகிறது. குழாயின் கீழ்த்துண்டைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தோம். உட்சுவர் முழுதும் கறுப்பு மெருகு பூசியதுபோல் பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. ஒரு நாள் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும்போது அந்தத் தார் பற்றிக்கொள்ளும். குழாய்க்குள் தீ என்பது அதுதான். சிறிய கணப்பு சுறுசுறுப்பாக எரிவதே பாதுகாப்பு.

4. புகைக்குழாயின் வழியைக் கணப்புக்கு முன்னால் முடிவு செய்யுங்கள்

கணப்பு வெறும் பெட்டி. அதற்கு மூச்சு குழாய்தான். சூடான புகை மேலெழும்போது கீழே ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்புதான் காற்றை உள்ளே கொண்டுவந்து தீயை எரியவைக்கிறது. இழுப்பு குறைந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கணப்பும் அறைக்குள் புகையும்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் ஒழுங்காக இழுக்கும் குழாய் நீளம் இங்கே போதாமல் போகலாம். தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லும் குறைந்தபட்ச உயரத்தோடு நிறுத்தாமல், உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லி எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

குழாய் முடிந்தவரை நேராகவும் வீட்டுக்கு உள்ளேயும் ஏற வேண்டும். சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய் ஏற்றினால் கூரையில் ஓட்டை போட வேண்டாமே என்று பலரும் கேட்கிறார்கள். வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இழுப்பு குறையும், தார் படியும். வளைக்கத்தான் வேண்டும் என்றால் 45 பாகை வளைவு இரண்டோடு நிறுத்துங்கள். செங்கோண வளைவில் புகை முட்டிக்கொண்டு நிற்கும்.

அறைக்குள் தெரியும் பகுதிக்கு ஒற்றைச் சுவர்க் குழாய் போதும். அதுவும் கொஞ்சம் வெப்பம் தரும். உள்கூரையைத் தொடும் இடத்திலிருந்து மேலே முழுதும் காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய்தான் வேண்டும். நம் கூரைச் சட்டங்கள் பைன் மரம். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு வறண்ட பைன், வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். செலவு மிச்சம் என்று மேலேயும் ஒற்றைக் குழாயே போடுகிறேன் என்று சொன்ன ஆள் ஒருவரை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 0.9 மீட்டர் உயர வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்குள் உள்ள எதைவிடவும், கூரை முகடு உட்பட, 0.6 மீட்டர் கூடுதலாக நிற்க வேண்டும். இல்லையென்றால் கூரையில் மோதிச் சுழலும் காற்று புகையைக் கீழே தள்ளும். புல் வேய்ந்த கூரை என்றால் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கென்றே தேர்ந்தவரும் காப்பீட்டாரின் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும்.

தீப்பற்றக்கூடிய சுவர், திரைச்சீலை, நாற்காலியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு கணப்பின் கையேட்டிலும் இருக்கும். அது தெரியும்வரை 90 செ.மீ. என்று வைத்து இடம் குறியுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு: 150 மி.மீ. குழாய் என்றால் 450 மி.மீ. பலகைத் தரையானால் கணப்பின் அடியிலும் கதவுக்கு முன்னாலும் கல் அல்லது ஓடு பதித்த மேடை வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம். தாளிக்கும்போது சமையலறையில் காற்று வெளியேற்றும் விசிறியைப் போடுகிறோம். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, வீடு இழந்த காற்றைப் புகைக்குழாய் வழியாகத் திரும்ப இழுக்கும். புகை கூடத்துக்கு வந்துவிடும். கணப்பு நிற்கும் இடம் சமையலறைக்கு அருகில் என்றால், வெளிக்காற்றை நேரடியாக எடுக்கும் குழாய் வசதி உள்ள கணப்பாகப் பாருங்கள். அது இல்லாத வீட்டில் விசிறி ஓடும்போது சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும்.

5. விறகை முடிவு செய்யுங்கள்

எந்த விறகு ஆண்டுதோறும் உங்களுக்குக் கிடைக்கும்? அதைப் பொறுத்துத்தான் கணப்பின் உள்ளளவும் கனமும் அமையும்.

ஹைவெல்டிலும் நேட்டால் உள்நாட்டிலும் ‘பிளாக் வாட்டில்’ என்ற வேலமர வகையும் தைல மரமும் எளிதில் கிடைக்கும். பிளாக் வாட்டில் நன்றாகப் பிளக்கும், சீராக எரியும். தைல மரம் கனமானது, உலர நாளாகும். கேப் பகுதியில் ரூயிக்ரான்ஸ் என்ற வேலமர வகை. கங்கு நீண்ட நேரம் நிற்கும். பிளாக் வாட்டிலும் ரூயிக்ரான்சும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே பரவி ஆற்றுநீரைக் குடிக்கும் மரங்கள். அவற்றை வெட்டி எரிப்பதால் நிலத்துக்கு நன்மையே. வடக்கே செக்கல்பாஸ் என்று விற்பது நம் ஊர் விடத்தலை மரம்தான். இரும்பு போன்ற விறகு, வெப்பமும் அதிகம். ஒட்டக முள் மரமும் ஈயமரமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உரிமம் காட்டாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பச்சைச் சாயம் ஏறிய வேலிக் கம்பங்களையும் கறுப்பு எண்ணெய் ஊறிய பழைய மின்கம்பங்களையும் துண்டு போட்டு மலிவாக விற்பவர்கள் உண்டு. முதலாவதில் ஆர்சனிக் இருக்கிறது. சாம்பலே நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை எரிப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம்; அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே தீயின் பலம் போய்விடும். கட்டையின் மேற்பரப்பில் கருவியைக் குத்தினால் ஏமாந்துபோவீர்கள், வெளிப்புறம் எப்போதும் காய்ந்தே இருக்கும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்தப் புதுமுகத்தின் நடுவில் குத்துங்கள். விற்பவர் கண் முன்னாலேயே இரண்டு மூன்று கட்டைகளைப் பிளந்து பாருங்கள். நல்ல வியாபாரி கோபப்படமாட்டார்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். 7 கிலோவாட் கணப்பு, 75 விழுக்காடு பயன்திறன் என்றால் மணிக்கு 2.3 கிலோ விறகு. இரவுக்கு ஐந்து மணி நேரம், 90 இரவு என்றால் ஒரு டன்னுக்குச் சற்று மேல். இந்த ஒரு டன்னை வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பேக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் வந்து இறங்கிய பிறகு இடம் தேடினால் விறகு மழையில்தான் கிடக்கும்.

ஹைவெல்டில் மழை கோடையில் வரும். அடுத்த குளிருக்கு வேண்டிய விறகை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வாங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் தகடு போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். காற்று புகாமல் முழுதும் பிளாஸ்டிக் தாளால் சுற்றினால் பூஞ்சைதான் பிடிக்கும். கேப் நகரத்தில் மழை குளிர்காலத்தில் வருவதால், அங்கே கோடை வறட்சியில் காய்ந்து முடிந்த விறகை ஏப்ரலுக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

6. இப்போது வகையைத் தேர்ந்தெடுங்கள்

திறந்த கணப்பு பார்க்க அழகு. ஆனால் விறகின் வெப்பத்தில் 10 முதல் 20 விழுக்காடுதான் அறைக்கு வரும். மீதி குழாய் வழியே போகும். மூடிய கணப்பில் 70 முதல் 80 விழுக்காடு கிடைக்கும். வீட்டில் ஏற்கனவே செங்கல் கணப்பு மாடம் இருந்தால், அதற்குள் செருகும் மூடிய பெட்டியை வாங்கலாம். அப்போதும் பழைய செங்கல் புகைபோக்கிக்குள் புதிய எஃகுக் குழாயை மேல்வரை இறக்க வேண்டும். அகன்ற பழைய புகைபோக்கியில் புகை ஆறித் தாராகிவிடும்.

மரத்தூள் உருண்டைகளில் எரியும் கணப்புக்கும், வீடு முழுதும் குழாய் வழியாகச் சூடான காற்றை அனுப்பும் பெரிய உலைக்கும் மின்சாரம் வேண்டும். மின்வெட்டில் அவை நின்றுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு இவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். கணப்பின் சூட்டிலேயே சுழலும் சிறு விசிறி கிடைக்கிறது, அது போதும்.

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மாலை முழுதும் எரிப்பவர்களுக்கு அது. எஃகுத் தகடு விரைவில் சூடாகும். வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் எரிப்பவர்களுக்கு இது. விடத்தலை போன்ற கடும் வெப்ப விறகை எரிப்பவர்கள் மெல்லிய தகட்டுக் கணப்பைத் தவிர்க்க வேண்டும், தகடு வளைந்துவிடும். நிலக்கரியும் போடலாமா என்று கையேட்டில் பாருங்கள். விறகுக்கு மட்டும் செய்த பெட்டியில் நிலக்கரி போட்டால் உள்ளே உள்ள தட்டுகள் வளைந்து சிதையும்.

7. கடையில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் உச்ச வெப்பம். சோதனைச் சான்றில் உள்ள வழக்கமான வெப்ப அளவைக் கேளுங்கள். உங்கள் கணக்கோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஐரோப்பியத் தரம் இஎன் 13240 அல்லது அதற்குப் பின் வந்த இஎன் 16510 சான்று உள்ளதா என்று பாருங்கள்.

ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடிப் பூட்டுங்கள். இழுத்தால் வரக் கூடாது, அல்லது கிழிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவின் கயிற்று அடைப்பு சரியாகப் பொருந்தவில்லை. கதவின் நான்கு பக்கமும் இதைச் செய்யுங்கள். அடைப்பு சரியில்லாத கதவு வழியே காற்று தன்னிஷ்டம்போல் நுழையும். தீ உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

உள்ளே கையை விட்டு மேலே தடவுங்கள். தீயைத் தடுத்துத் திருப்பும் தட்டு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியில் வெப்பம் நேரே குழாய்க்குப் போகும். அந்தத் தட்டும் பக்கவாட்டுச் செங்கற்களும் சில ஆண்டுகளில் தேயும். உதிரியாக இங்கேயே கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்றால் எழுதி வாங்குங்கள்.

காற்றுத் திறப்பின் பிடியை நகர்த்திப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். உங்கள் விறகு வியாபாரி வெட்டும் நீளத்தில் ஒரு குச்சியை ஒடித்து எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். பெட்டியின் உள்நீளம் நான்கு செ.மீ. குறைந்ததால் ஒரு குளிர்காலம் முழுதும் ஒவ்வொரு கட்டையையும் அறுத்துக்கொண்டிருந்த நண்பரை எனக்குத் தெரியும்.

8. தாள்களும் பொருத்துபவரும்

குழாயும் பொருத்தும் கூலியும் சேர்ந்து கணப்பின் விலையளவுக்கு வருவது உண்டு. பணத்தை ஒதுக்கும்போதே இதைச் சேர்த்து ஒதுக்குங்கள். இல்லையென்றால் நல்ல கணப்பு வாங்கிய கையோடு குழாயில் மிச்சம் பிடிக்கத் தோன்றும், ஆபத்தே குழாயில்தான்.

தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரத் தொகுப்பான சான்ஸ் 10400இல் அறை வெப்பமூட்டலுக்கென்றே ‘வி’ பகுதி இருக்கிறது. பொருத்துபவர் அதன்படி செய்வதாக விலைப்பட்டியலிலேயே எழுதித் தரட்டும். நகராட்சியில் வரைபட ஒப்புதல் வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக் காப்பீட்டாருக்குக் கடிதம் எழுதிப் பதிலை வாங்கி வையுங்கள். சொல்லாமல் பொருத்திய கணப்பைக் காரணம் காட்டித் தீ இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

பொருத்தும் நாளில் வீட்டில் இருங்கள். உள்கூரையை மூடும் முன் மேலே ஏறி, குழாய்க்கும் மரச் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து படம் எடுங்கள். மூடிய பிறகு யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

9. முதல் தீயும் முதல் மாதமும்

விறகுப் புகை போலல்லாமல், அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இங்கே இம்பாவுலா என்னும் தகரக் கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழாமலே போன செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. முதல் தீ மூட்டும் முன்பே, மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கூடத்தில் ஒன்றும் படுக்கையறைப் பக்கம் ஒன்றும் மாட்டுங்கள். பூஜை அறையில் சாம்பிராணி போடும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறுகிறது என்று இதையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட வேண்டாம். இது வேறு கருவி.

முதல் மூன்று தீயும் சிறியதாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் இடையே முழுதும் ஆறவிடுங்கள். பெயின்ட் பதமாகும் நேரம் அது. நாற்றம் வரும், சன்னல்களைத் திறந்து வையுங்கள். எடுத்ததும் பெருந்தீ மூட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

தீ மூட்டும் முறை நம் அடுப்புப் பழக்கத்துக்கு நேர்மாறு. பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் சிறு கட்டைகள், உச்சியில் சுள்ளியும் காகிதமும். மேலே பற்றவைத்தால் குழாய் உடனே சூடாகி இழுப்பு பிடித்துக்கொள்ளும். கீழுள்ள கட்டையிலிருந்து எழும் புகை மேலே உள்ள தீயைக் கடந்துதான் போக வேண்டும், போகும் வழியில் எரிந்துவிடும்.

குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயில் 120 முதல் 240 டிகிரி செல்சியசுக்குள் முள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வெகுநேரம் நின்றால் தார் படிகிறது என்று பொருள். தூங்கப் போகும்போது கட்டைகளைத் திணித்துக் காற்றை முழுதும் அடைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குழாய்க்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால் உள்ளே தார் எரிகிறது. கணப்புக் கதவையும் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், கைப்பேசியில் 112ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான குழாய் வெடித்துப் பிளக்கும்.

ஒரு மாதம் எரித்த பிறகு, கணப்பு முழுதும் ஆறிய ஒரு காலையில் குழாயின் கீழ்த்துண்டைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் மாவுபோல் உதிர்ந்தால் எல்லாம் சரி. கறுப்புச் செதில்களாக வந்தால் விறகின் ஈரத்தை மறுபடி அளந்து, காற்றைக் கூடுதலாகத் திறந்து எரியுங்கள். பளபளப்பாக ஒட்டிக்கொண்டு பெயராமல் இருந்தால் அன்றைய இரவு தீ மூட்டாமல், குழாய் சுத்தம் செய்பவரை வரவழையுங்கள். தாரில்லாத வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முடிவதற்குள், அவர் வந்து போக வேண்டும்; மே மாதம் முதல் குளிர் விழுந்துவிட்டால் அவருக்கு நேரம் கிடைக்காது.